கல்லீரல் இறுக்கநோயில் லைப்பேஸ் இயல்பாக இருந்தால் என்ன பொருள்?

கேள்வி:
என் அண்ணனுக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கநோய் இருப்பது உறுதியாகியுள்ளது. அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் லைப்பேஸ் இயல்பு வரம்புக்குள் இருக்கிறது. கொழுப்பைச் சிதைக்கும் நொதி சரியாக உள்ளதால், கல்லீரலின் அந்த வேலையாவது கெடவில்லை என்று கருதலாமா?

மறுமொழி 1:
கருத முடியாது. அறிக்கையில் வெறுமனே 'லைப்பேஸ்' என்றிருப்பது கணையத்தின் நொதியைக் குறிக்கும். கணைய அழற்சி உண்டா என்று பார்க்கவே அதை அளக்கிறார்கள். உயர்வரம்பைப்போல் 3 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலும் அந்த ஐயம் வலுப்படும். கல்லீரல் உருவாக்கும் லைப்பேஸ் வேறு. அது இரத்தத்தில் தாராளமாக மிதந்து திரிவதில்லை. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, அவ்வழியே செல்லும் கொழுப்புப்புரதத் துகள்களைச் சிதைக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசியைச் சிரையில் செலுத்தினால்தான் அது பிடி தளர்ந்து, அளக்கும் அளவுக்கு இரத்தத்தில் இறங்கும். ஹெப்பரினின் இந்த விளைவை 1943இல் ஹான் என்ற ஆய்வாளர் நாய்களில் கண்டார்: உணவுக் கொழுப்பால் பால்போல் கலங்கியிருந்த பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்மப் பகுதி), ஹெப்பரின் உடலுக்குள் சென்றதும் தெளிந்துவிட்டது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஹெப்பரின் ஒன்றை மட்டும் இறக்குவதில்லை. கொழுப்புத் திசுவிலும் தசையிலும் உருவாகும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸும் கூடவே வந்துவிடுவதால், மொத்த அளவைப் பார்த்தால் கல்லீரலின் பங்கு தெரியாது. ஆய்வகத்தில் இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு: உப்பின் செறிவை 1 மோலார் அளவுக்கு உயர்த்தினால் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் முடங்கும், கல்லீரல் லைப்பேஸ் தொடர்ந்து இயங்கும். இப்படிப் பிரித்து அளந்தால், இறுக்கநோயில் கல்லீரல் லைப்பேஸ் குறைந்திருப்பதைக் காணலாம்; அதை உருவாக்கும் உயிரணுக்களே குறைந்துவிடுகின்றன அல்லவா? கொழுப்புக் கல்லீரலிலோ அது பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே 'கல்லீரல் நோய்' என்று பொதுவாகச் சொல்லி ஒரே விடையை எதிர்பார்க்க இயலாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஹெப்பரின் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டுமா?

மறுமொழி 2:
வேண்டாம், அது ஆராய்ச்சிக்கான சோதனை. இறுக்கநோயில் இரத்தக்கசிவு அபாயம் ஏற்கெனவே இருக்கக்கூடும் என்பதால், தேவையின்றி ஹெப்பரின் செலுத்துவது உகந்ததன்று. கல்லீரலின் திறனை அறிய அல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றையே மருத்துவர் பார்ப்பார். மலம் வெளிறி எண்ணெய்ப்பசையுடன் மிதந்தால் மட்டும் அதைத் தவறாமல் சொல்லுங்கள். பித்தநீர் போதிய அளவு குடலுக்கு வராவிட்டால், கணைய லைப்பேஸ் எவ்வளவு இருந்தாலும் கொழுப்பு சரிவரச் செரிக்காது.