காலை ஆட்டிக் காட்டுற தவளை, ஓடையை மறிச்சா வேற இடம் போயிக்குமா?

கோவைசிவா:
தீபாவளி லீவுக்கு சிக்மகளூர் மாவட்டம் கொட்டிகெஹாரா பக்கம் ஒரு ஹோம்ஸ்டேல தங்கினோம், பின்னாடியே காட்டு ஓடை, அதுல ஈரப்பாறை மேல தம்மாத்துண்டு பழுப்புத் தவளை ஒண்ணு பட்டப்பகல்ல உக்காந்து பின்னங்காலை நீட்டி நீட்டி விரலை விரிச்சுக் காட்டுது, பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஓனர் அங்க சிமெண்ட் தடுப்பு போட்டு குளிக்கிற குளம் மாதிரி பண்ணப் போறாராம், கொசுவுக்கு கம்பூசியா மீனும் விடுவாராம். இது என்ன தவளை? தண்ணி ஏறினா மேல தாவிப் போயிக்காதா?

ஈரப்பாறை:
ப்ரோ அது டான்சிங் ஃப்ராக், மைக்ரிக்ஸாலஸ்ங்கற பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல எங்கயும் கிடையாது. 2014ல தவளை ஆராய்ச்சியாளர் எஸ்.டி.பிஜு டீம் ஒரே ஆய்வுக் கட்டுரையில 14 புது இனம் சொன்னாங்க, மொத்தம் 24 ஆச்சு. நீங்க போன ஏரியாவுல கொட்டிகெஹாரென்சிஸ்னே ஒண்ணு இருக்கு, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஐயூசிஎன் லிஸ்ட்ல அழிவு அபாயத்துல இருக்குற இனம். காலை ஆட்டினது ஆண், ஓடை இரைச்சல்ல கத்துனா மட்டும் பத்தாதுல்ல, அதான் 'இது என் பாறை, தள்ளிப் போ'ன்னு காலால சொல்லுது.

மேட்டர் என்னன்னா, பெண் தவளை ஓடை அடியில சரளைய காலால தோண்டி முட்டை போட்டு மூடிடும், இதுலயே ஹெர்ரெய்ங்கற இனத்தோட தலைப்பிரட்டை மணலுக்குள்ள புதைஞ்சே வளருதுன்னு 2016லதான் வெளிய வந்துச்சு. தண்ணிய தேக்கினா பாறை முங்கும், சேறு படிஞ்சு சரளை அடைச்சுக்கும், அப்புறம் பெருசு தாவிப் போனாலும் முட்டைய எங்க போடும்?

எஸ்டேட்வாசி:
நானும் காபித் தோட்டம்தான் வெச்சிருக்கேன், ஓனர மட்டும் திட்டாதீங்க, வர்ற கஸ்டமர்தான் குளம் எங்க குளம் எங்கன்னு கேக்கறாங்க. ஓடைக்கு வெளிய தள்ளி தொட்டி கட்டிட்டு மழைக்காலத்துல மட்டும் பைப்ல கொஞ்சம் தண்ணி எடுத்துக்கச் சொல்லுங்க, ஓரத்து நிழல் மரத்துல கை வெக்க வேணாம். கம்பூசியா சுத்த வேஸ்ட், வேகமா ஓடுற தண்ணில கொசு எங்கங்க முட்டை போடுது, இவர் தேக்கினாத்தான் கொசுவே வரும் 😀 அந்த மீன் தவளை முட்டை, தலைப்பிரட்டை எல்லாம் தின்னுடும், ஒருதடவ விட்டா திரும்பப் பிடிக்கவும் முடியாது.

கோவைசிவா:
தேங்க்ஸ்ணா. ஓனர்கிட்ட போன்ல பேசினேன், தொட்டின்னதும் யோசிக்கிறேன்னாரு, ஆனா தவளைய பாக்க ஆளு வருமான்னுதான் மொதல்ல கேட்டாரு.

ஈரப்பாறை:
வரும் வரும், கேமராவும் கையுமா வருவாங்க. ஓடைக்குள்ள எறங்க விடாம கரையில நின்னே எடுக்கச் சொல்லுங்க, கல்லைப் பொரட்டுற ஆளுங்கள உள்ளயே விட வேணாம்னு சொல்லிடுங்க.