காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தம்: எத்தனை விநாடி?

பழைய காரை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தம் பற்றி மூன்று ஊர்க்காரர்கள் மாறி மாறிச் சொல்வது இது.

கடலூர் முதுநகரிலிருந்து:

பத்து வருஷம் தாண்டிய வண்டியில் சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு, எத்தனை விநாடி இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைத்தான் கேட்க வேண்டும். காலையில் மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனால் வழியிலேயே எஞ்சின் சூடாகி, சத்தம் போய்விடும். முந்தின ராத்திரியே ஷெட்டில் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் சாவி திருப்ப, இன்னொருவர் முதல் ஒரு நிமிஷத்தை போனில் பதிவு செய்யட்டும்.

ரெண்டு மூணு விநாடி 'கடகட' என்று அடித்து, ஆயில் லைட் அணைந்ததும் நின்றுவிட்டால், ஆயில் மேலே ஏற நேரமாகிறது என்று அர்த்தம். டிப் ஸ்டிக்கில் அளவு சரியா பாருங்கள். சரி என்றால் அடுத்த சந்தேகம் ஃபில்டர். வண்டி நிற்கும்போது ஆயில் வடியாமல் தடுக்க, திருகி மாட்டும் ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் இறுகிப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்யாமலே ஃபில்டரைக் கழற்றுங்கள். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டிய ஃபில்டர் காலியாக வந்தால் வால்வு போய்விட்டது. புதியதின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, உட்கார்ந்த பிறகு கையால் முக்கால் சுற்று திருப்பினால் போதும்.

சத்தத்தை அமுக்க 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் ஏற இன்னும் நேரமாகும், அதுவரை எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் காய்ந்தே சுற்றும்.

வில்லியனூரிலிருந்து:

முதுநகர் அண்ணன் சொன்ன ஃபில்டர் சோதனையை முடித்துவிட்டுத்தான், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்விஃப்ட், விஸ்டா, புன்டோவில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலில் டைமிங் செயின். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வதால், ஃபில்டர் கோளாறும் செயின் தளர்வும் ஒரே மாதிரி கேட்கும். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். வெளியே சுற்றும் ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துணியும் போகக் கூடாது. புது ஃபில்டருக்குப் பிறகும் அங்கே உரசல் கேட்டால் செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செயின் ஒரு பல் தாண்டினாலே டைமிங் கெடும், இன்னும் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

மாருதி 800-க்கும் பழைய ஜென்னுக்கும் டைமிங் பெல்ட்தான். அவற்றுக்கு யாராவது செயின் வேலை என்று எஸ்டிமேட் போட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, டேப்பட் (வால்வை அமுக்கும் பாகம்) சத்தம் என்று தப்பாக நினைப்பது. 'டிக்டிக்' சத்தம் சில நிமிஷத்தில் சூடு ஏற ஏற மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும் (எஞ்சினும் புகைக் குழாயும் சேரும் இடத்தில் உள்ள அடைப்புத் தகடு) பாருங்கள். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

இங்கே கடல் காற்றுதான் பாதிப் பிரச்சினை. ஒரு பழைய ஜென்னில் 'கீச்' சத்தத்துக்கு ஃபேன் பெல்ட் மூன்று முறை மாறியது. கடைசியில் பார்த்தால் டைனமோ புல்லியின் பள்ளம் துருப்பிடித்து பெல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தது. பல வரி உள்ள தட்டை பெல்ட் என்றால் ஓடும்போது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் லூஸ். நின்று மறுபடி வந்தால் புல்லி நேராக இல்லை.

சாவி திருப்பினால் வெறும் 'டக்டக்டக்' என்றால் மல்டி மீட்டரை எடுங்கள். ராத்திரி நின்ற பேட்டரி நல்லதென்றால் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். விழாமலே செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் பட்டையை, சந்தேகப்படுங்கள். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, வாஸ்லின் தடவி மாட்டுங்கள்.

எஞ்சின் பிடித்த பிறகும் 'ஙீ' என்று கத்தினால் செல்ஃப் மோட்டாரின் பல் பின்வாங்கவில்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழைத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் இது நிறைய. சேறு ஷாஃப்டில் காய்ந்து பிடித்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும், அங்கே கெட்டி கிரீஸ் மட்டும் வைக்காதீர்கள், அதிலும் தூசி பிடிக்கும்.

முதுநகர் மீண்டும்:

மற்ற இருவரும் விட்ட ஒன்று. அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக, ரேஸ் கொடுத்தால் கூடி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத்தாளை விரித்து, காந்தம் காட்டுங்கள். ஒட்டினால் இரும்புத்தூள். ஒட்டாத செம்பு நிற மினுக்கல் பேரிங்கிலிருந்து வந்தது. அந்த வண்டி ஷெட்டுக்கு இழுவையில் போகட்டும்.