நெரிசலின் விலை: எந்த வேகத்தோடு ஒப்பிடுவது?

கணக்கன்:
நெரிசலால் ஒரு நகரம் ஆண்டுக்கு இத்தனை கோடி இழக்கிறது என்னும் அறிக்கைகளில் பல ஒரே வழியில்தான் கணக்குப் போடுகின்றன. உச்ச நேரத்தில் ஆகும் பயண நேரத்திலிருந்து சாலை காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தைக் கழித்து, மிச்சத்தைப் பயணிகளின் எண்ணிக்கையாலும் ஒரு மணி நேரத்தின் மதிப்பாலும் பெருக்கிவிடுகிறார்கள். நள்ளிரவு வேகத்தைக் காலை ஒன்பது மணிக்கு எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அந்த வேகம் கிடைக்கும் அளவுக்குச் சாலையை அகலப்படுத்தினால், ஆகும் செலவு மிச்சமாகும் தொகையை விழுங்கிவிடும். மீட்கவே முடியாத தொகையை இழப்பு என்பது கணக்கு ஆகாது.

பேருந்துப் பயணி:
அடிப்படை வேகம் தவறு என்பதற்காக இழப்பே இல்லை என்று முடித்துவிடுகிறீர்கள். பயணத்துக்கு 30 நிமிடம் ஆகிறது என்று வண்டியை எடுப்பவருக்குத் தெரியும். தம்மால் பின்னால் வருபவர்களுக்கு எவ்வளவு தாமதம் கூடுகிறது என்பது அவர் கணக்கில் வராது. பொருளியலாளர் பிகூ 1920-லேயே இதைச் சாலை உதாரணத்தோடு எழுதிவிட்டார். அவர் உணரும் செலவுக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஆகும் செலவுக்கும் உள்ள இடைவெளி உண்மையான இழப்புதானே?

கணக்கன்:
இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை, நண்பரே. அறிக்கைத் தொகை அதைக் காட்டவில்லை என்கிறேன். ஒரு கற்பனைச் சாலையை எடுத்துக்கொள்வோம். காலியாக இருந்தால் 20 நிமிடம், 900 வண்டிகள் ஓடினால் 26, 1,000 ஓடினால் 30. வழக்கமான முறையில் இழப்பு 10,000 நிமிடம். நூறு வண்டிகளை விலக்கினால் மற்ற 900 பேருக்கும் தலைக்கு 4 நிமிடம், ஆக மொத்தம் 3,600 நிமிடம்தான் மிச்சம். அதிலும் விலகிய நூறு பேர் கைவிட்ட பயணத்தின் பயனைக் கழித்தாக வேண்டும். நீங்கள் சொன்ன இடைவெளியும் இதிலேயே தெரிகிறது: கடைசி நூறு வண்டிகளால் தலைக்கு 4 நிமிடம் கூடுகிறது, அதாவது ஒரு வண்டியால் 0.04 நிமிடம்; ஆகவே ஆயிரமாவது வண்டிக்காரர் தாம் 30 நிமிடம் செலவழித்து, மற்ற ஆயிரம் பேர் அளவிலானவர்கள் தலையில் ஏறக்குறைய 40 நிமிடத்தைக் கட்டுகிறார். அளக்க வேண்டியது இதைத்தான்.

நேர்வழி:
இடையில் ஒரு கேள்வி. ஒரு மணி நேரத்தின் மதிப்பை வருமானத்தை வைத்து நிர்ணயித்தால், நிறையச் சம்பாதிப்பவர் காரில் தனியாகக் காத்திருப்பது கூலித் தொழிலாளி நின்றுகொண்டே காத்திருப்பதைவிடப் பெரிய இழப்பாகிவிடாதா? அதே சிக்னலில் ஐம்பது பேரோடு நிற்கும் பேருந்தை ஒரே வண்டி என்று எண்ணும் கணக்கை நான் நம்பமாட்டேன்.

பேருந்துப் பயணி:
நல்ல கேள்வி, வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ண வேண்டும், எல்லோருக்கும் ஒரே மணி மதிப்பைப் போட வேண்டும். கணக்கன் ஐயாவின் எண்களை ஏற்கிறேன். ஆனால் அவர் கணக்கு சராசரியோடு நின்றுவிடுகிறது. சராசரி 30 நிமிடம் என்றாலும், ஒருநாள் 50 நிமிடம் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனை வேலைக்குப் போகிறவர் வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார்; பெரும்பாலும் அரைமணி முன்னதாகப் போய்ச் சேர்கிறார். கிளம்பும் நேரத்தை மாற்றிக்கொள்வதும் ஒரு செலவு என்பதைப் பொருளியலாளர் விக்ரி 1969-இல் தம் கட்டுரையில் காட்டினார். ஆகவே அறிக்கைத் தொகை ஒருபுறம் மிகை, மறுபுறம் குறை.

கணக்கன்:
அதை மறுக்கவில்லை. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் 2006-இல், நகர மையத்துக்கு வந்துபோகும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் விதித்துச் சோதித்தபோது, கட்டண எல்லையைக் கடந்த போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது, வரிசையில் நிற்கும் நேரமோ அதைவிடக் கூடுதலாகவே குறைந்தது. பயண நேரத்தின் நிச்சயமின்மையும் அதோடு சேர்ந்து குறைந்திருக்கும். ஆனால் முன்னதாக வந்து சேர்ந்தவர் அந்த அரைமணியில் செய்தித்தாள் படித்தால், அதை முழு இழப்பாக எழுதுவீர்களா?

பேருந்துப் பயணி:
பாதியாக எழுதுவேன். அந்த அரைமணித் தூக்கத்தை விட்டுத்தானே அவர் கிளம்பினார்?