புதுப்பிப்பு: செயின்சா, வீட்டுக்கு எது, தொழிலுக்கு எது

தோப்பு வைத்திருப்பவர் மரம் அறுக்கும் செயின்சாவை 18 அங்குல பாரோடு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) வாங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். மட்டை, கிளை, விறகு என்று மாதத்துக்கு ஓரிரு நாள் வேலைக்கு 30 முதல் 35 சிசி (எஞ்சின் அளவு), 14 அல்லது 16 அங்குல பார் போதும். சின்ன எஞ்சினில் நீளமான பார் மாட்டினால் புளியமரத்தில் செயின் திணறும், எஞ்சின் விசையைச் செயினுக்குக் கடத்தும் கிளட்ச் சூடேறித் தேயும்.

தினமும் மரம் அறுப்பவருக்கு 50 முதல் 70 சிசி, 18 அங்குலத்துக்கு மேல். இங்கே சிசியைவிட கிராங்க் கேஸை (எஞ்சினின் அடிக்கூடு) பாருங்கள்: மெக்னீசியம் என்றால் நாள் முழுக்க ஓடும் சூட்டைத் தாங்கும், பிரித்துப் பழுதுபார்ப்பதும் எளிது.

பலர் கேட்டது, மலிவாகக் கிடைக்கும் 58 சிசி, 22 அங்குல மெஷின் பற்றி. வீட்டுக்கு வேண்டாம், கனம் அதிகம், கை தளர்ந்த நேரத்தில் பார் நுனி மரத்தில் பட்டு மேலே எகிறும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் சிராய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: தென்னை அறுத்தால் நார் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மூடிக்குள் அடைத்து, பாருக்கு வழுவழுப்புத் தரும் ஆயில் வரும் துளையையும் மூடும். பெட்ரோல் டேங்க் நிரப்பும்போதெல்லாம் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றித் துடையுங்கள். சின்ன மெஷின்களில் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினைத் தீட்ட 4 மி.மீ. உருண்டை அரம்தான் பொருந்தும்.