ஈக்விட்டி டேட்டா: "ஏற்றத்தாழ்வுத் தரவு" எனலாமா?

வணக்கம். நல்கை (கிராண்ட், அதாவது நிதியுதவி) விண்ணப்பங்களில் வரும் "ஈக்விட்டி டேட்டா" (equity data) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி வருகிறோம். வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> சமத்துவம் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சமத்துவத் தரவு என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் ஒரே தொகையைப் பிரித்துக் கொடுத்தால் அது சமத்துவம். தெருக்குழாய்கூட எட்டாத குடியிருப்புக்கு முதலிலும் கூடுதலாகவும் கொடுப்பதைத்தான் ஈக்விட்டி என்கிறார்கள். நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதும் தொண்டு நிறுவனம், மற்றவர்களுக்குக் கிடைத்தது இந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை என்று எண்களால் நிறுவ வேண்டும். அந்தப் பக்கத்துக்குச் "சமத்துவத் தரவு" என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

ஈக்விட்டி டேட்டா என்றே விட்டுவிடலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். விண்ணப்பம் பல நேரம் போய்ச் சேருவது நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பிரிவுக்கு. அங்கே ஈக்விட்டி என்றால் பங்கு, முதலீடு. அது சரிவராது.

ஒப்புரவு (பிறருக்கு உதவி வாழ்தல்) எனலாமா? அழகான சொல்தான். வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். ஆனால் அது கொடுப்பவரின் பண்பைச் சொல்கிறது. குப்பத்து மக்கள் கேட்பது யாருடைய நல்ல மனதையும் அல்ல, தங்களுக்குச் சேரவேண்டியதை. அதனால் அந்தச் சொல்லை இங்கே வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் பரிந்துரை: ஏற்றத்தாழ்வுத் தரவு.

இதற்குச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்று ஏழாம் அட்டவணை சொல்கிறது. சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பது அதில் ஒன்று. ஆக, விண்ணப்பம் காட்டவேண்டியது ஏற்றத்தாழ்வு எங்கே, எவ்வளவு என்பதைத்தான்.

காட்டுவது எளிதல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) மாவட்டத்துக்கு ஓர் எண் தருகிறது. பெசன்ட் நகர் மாடி வீடும் பக்கத்திலேயே இருக்கும் ஊரூர் குப்பமும் அந்த ஒரே சராசரிக்குள் கரைந்துவிடும். வார்டு அளவுக்கு இறங்கினாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சராசரியாக ஒரு வார்டில் 30,000 பேருக்கு மேல். அமெரிக்காவில் நோய்த்தடுப்பு மையம் (CDC) வெளியிடும் சமூக நலிவுக் குறியீடு, ஏறக்குறைய 4,000 பேர் வாழும் சிறு பகுதிக்கே 16 அளவீடுகளைச் சேர்த்து மதிப்பெண் தருகிறது. அங்கே விண்ணப்பிப்பவர் அதை எடுத்து ஒட்டிவிடலாம். இங்கே சிறிய அமைப்புகள் தாங்களே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள்.

கணக்கிலேயே வராதவர்களும் உண்டு. அரசு அறிவிக்காத, அங்கீகரிக்காத குடிசைப் பகுதி 2011 கணக்கெடுப்பில் இடம்பெற, குறைந்தது 300 பேராவது, அதாவது 60, 70 வீடுகளாவது நெருக்கமாக இருக்க வேண்டும். கால்வாய் ஓரப் புறம்போக்கில் 40 வீடு இருந்தால் அது குடிசைப் பகுதியே இல்லை! நகரத்துக்குள்ளிருந்து தெற்கு விளிம்பில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், அந்தக் கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்து மக்கள். வீட்டோடு சேர்த்து அவர்களைச் சென்னையின் எண்ணிக்கையிலிருந்தும் நகர்த்திவிட்டோம். இதைச் சொல்லும் தரவுக்கு மென்மையான பெயர் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

> ஏற்றத்தாழ்வு குறையைச் சொல்கிறது, ஈக்விட்டி இலக்கைச் சொல்கிறதே?

நியாயமான மறுப்பு. இலக்குக்கு நம்மிடம் ஏற்கெனவே சமூக நீதி இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். சமூகநீதித் தரவு என்றும் யோசித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் அதைக் கேட்டதும் இடஒதுக்கீடு நினைவுக்கு வரும், மாற்றுத்திறன், பாலினம், வசிப்பிடம் எல்லாம் பின்னால் போய்விடும்.

துணைச் சொற்கள் இரண்டு. சாதி, பாலினம், வயது, பகுதி என்று பிரித்துத் தருவதைப் பிரிநிலைத் தரவு எனலாம். கிராண்ட் என்பதற்கு மானியம் வேண்டாம், சிலிண்டர் நினைவு வருகிறது. நல்கை போதும். (பிரிக்கும்போது ஓர் எச்சரிக்கை: 30 வீடுள்ள தெருவில் நோயையும் சாதியையும் சேர்த்து அட்டவணை போட்டால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். அங்கே எண்களைத் தொகுத்தே தரவேண்டும்.)

பயன்பாட்டு வாக்கியம் ஒன்று: "இக்குடியிருப்பில் வீட்டுக்குள் கழிப்பறை உள்ள குடும்பங்களின் விகிதத்தை நகரச் சராசரியோடு ஒப்பிடும் ஏற்றத்தாழ்வுத் தரவு, நல்கை விண்ணப்பத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

வேறு சொல் முன்வைப்பவர்கள் இதே வாக்கியத்தில் பொருத்தி எழுதுங்கள். களப்பணியாளர்களிடமும் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.