புதுப்பிப்பு: காணும் பொங்கலன்றே பூங்காவுக்குப் போய் வந்தோம்

சென்ற வாரம் கேட்டிருந்தேன்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகிறோம், காரை எங்கே நிறுத்துவது, இருமடங்கு விலை சொல்லும் விரைவுப் பாஸ் தேவையா என்று. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம் என்று பலரும் சொன்னீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம். மாமியாருக்கு அன்றுதான் வசதிப்பட்டது.

பத்து மணிக்கே வாகன நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. விசில் ஊதியபடி ஒருவர் எங்களைப் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குத் திருப்பிவிட்டார். மணலில் பின்சக்கரம் புதைந்து, மாலையில் நான்கு பேர் தள்ளித்தான் வண்டி வெளியே வந்தது. இதற்குக் கட்டணம் 100 ரூபாய். கையில் கிடைத்தது தேதிகூட இல்லாத துண்டுச் சீட்டு.

பாஸ் விஷயத்தில் என் கணக்குப் பொய்த்துவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் வாங்கினோம். ராட்சத ஊஞ்சலில் முக்கால் மணி நேர வரிசையை அது மிச்சப்படுத்தியது உண்மை. ஆனால் அலைக்குளத்தில் அதற்கு வேலையே இல்லை. பிள்ளைகளோ ஒரு மணிக்குமேல் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. முதலில் காட்டிய விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை என்பதும் பணம் கட்டும்போதுதான் தெரிந்தது. 2018 ஜனவரிக்கு முன்பு இது 28 சதவீதம் என்று மைத்துனர் ஆறுதல் சொன்னார். அவருக்கும் சேர்த்துக் கட்டியவன் நான்.

பஸ்ஸில் போகச் சொன்னவருக்கு: திரும்பும்போது பார்த்த பஸ்களில் படிக்கட்டில்கூட இடமில்லை. ஆனாலும் நெரிசலில் அவை எங்களை முந்திக்கொண்டுதான் போயின.

அடுத்த முறை, பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை. மாமியாரிடம் இன்னும் பேசவில்லை.