ஃபௌலிங்: ‘மாசடைதல்’ வேண்டாம், ‘படிவேறல்’ எனலாம்

உணவுத் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சவ்வு வடிகட்டலால் சுத்திகரிப்பது பற்றி எழுதும்போது ‘ஃபௌலிங்’ (நீரில் உள்ளவை சவ்வில் ஒட்டி, நீர் கடப்பதைக் குறைப்பது) என்பதற்குச் சிலர் ‘மாசடைதல்’ என்ற சொல்லை ஆள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கழிவுநீரில் கலந்திருப்பதையும் மாசு என்றுதான் சொல்கிறோம். ‘மாசு அதிகமானதால் சவ்வு மாசடைந்தது’ என்று எழுதினால், இரண்டு மாசும் ஒன்றா வேறா என்று படிப்பவர் திகைப்பார். தவிரவும், பால் பதப்படுத்தும் ஆலையின் கழுவுநீரில் சவ்வின்மேல் போய் ஒட்டுபவை புரதம், கொழுப்பு, கால்சியம் பாஸ்பேட் முதலியவை. புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தால் அது விலைபோகும் சரக்கு. அதை மாசு என்பது பொருத்தமாக இல்லை.

நிகழ்வைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவது நல்லது. அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கும். ஆனால் ஒரு சதுர மீட்டர் சவ்வு ஒரு மணி நேரத்தில் தரும் நீரின் அளவு குறைந்துகொண்டே வரும். இதை ‘அடைப்பு’ என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். 0.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளைகள் கொண்ட நுண்வடிகட்டிக்கு அது ஓரளவு பொருந்தும். அதைவிடச் சிறிய துளைகள் கொண்ட மீநுண்வடிகட்டியிலோ புரதம் துளைச்சுவரில் ஒட்டி வழியைக் குறுக்குகிறதே ஒழிய, எல்லாத் துளைகளையும் அடைத்துவிடுவதில்லை. எதிர்ச் சவ்வூடுபரவலுக்கான (ஆர்.ஓ.) சவ்வில் அடைபடுவதற்குத் துளை என்று சொல்லத்தக்கதே இல்லை. நீர் அந்தச் சவ்வுப்பொருளில் கரைந்து, ஊடுருவி மறுபக்கம் வருகிறது. ‘படிவு’ என்று மட்டும் சொன்னால், தொட்டியின் அடியில் தங்கும் கசடு நினைவுக்கு வந்துவிடுகிறது.

துரு ஏறுகிறது, களிம்பு ஏறுகிறது, உப்பு ஏறுகிறது என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஒரு பரப்பின்மேல் வேண்டாத ஒன்று சிறிது சிறிதாகப் பற்றி, அதன் வேலையைக் கெடுப்பதைச் சொல்லத் தமிழில் ‘ஏறு’ என்ற வினை ஏற்கெனவே இருக்கும்போது, அதைக்கொண்டே ‘படிவேறல்’ என்று ஆக்கிக்கொள்வதே சரி என்பது என் முன்மொழிவு. ‘சவ்வு படிவேறிவிட்டது’ என்று வினையாகவும் ‘படிவேறாச் சவ்வு’ என்று அடைமொழியாகவும் அது இயல்பாக வளைந்து கொடுக்கிறது. ‘படிவேற்றம்’ வேண்டாம், மின்னேற்றம்போல, யாரோ வேண்டுமென்றே ஏற்றியதாகப் பொருள் வந்துவிடும்.

உட்பிரிவுகளையும் இதிலிருந்தே பிரிக்கலாம்: கொழுப்பேறல், புரதமேறல், உப்பேறல், நுண்ணுயிர்கள் படலமாக ஒட்டும் உயிரிப்படலமேறல். இந்தப் பிரிப்பு ஆலையில் வேலை செய்பவருக்குத்தான் மிகவும் தேவை. புரதமும் கொழுப்பும் ஏறிய சவ்வை முதலில் காரக் கரைசலால் கழுவி, நீரால் அலசி, அதன்பிறகே கால்சியம் உப்புகளைக் கரைக்க அமிலம் விடுவது பால் ஆலைகளில் பரவலான வழக்கம். பாலின் முக்கியப் புரதமான கேசீன் ஏறிய சவ்வில் எடுத்த எடுப்பிலேயே அமிலத்தை விட்டால், காரகாடித்தன்மை எண் (pH) 4.6-ஐ நெருங்கும்போது அப்புரதம் திரிந்து, ஒட்டியிருப்பது மேலும் கெட்டிப்படும். உயிரிப்படலமேறலுக்குக் குளோரின் நல்ல மருந்துதான். ஆனால் எதிர்ச் சவ்வூடுபரவலில் பெரிதும் பயன்படும் பாலிஅமைடு சவ்வைக் குளோரின் சிதைத்துவிடும். எல்லாவற்றையும் ‘மாசடைதல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிய கையேடு இவ்வளவையும் மறைத்துவிடுகிறது.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, ‘செறிவு முனைவாக்கம்’ என்று எழுதப்படுவது. நீர் சவ்வைக் கடந்து போக, கடக்க முடியாத கரைபொருள் சவ்வின் பரப்பையொட்டித் திரள்வதே அது. அழுத்தத்தைத் தளர்த்தினாலோ, சவ்வின்மேல் நீரை விரைவாக ஓடவிட்டாலோ அந்தத் திரள் கலைந்துவிடும். படிவேறல் அவ்வளவு எளிதில் கலையாது. முனைவு என்றதும் மின்முனையும் காந்தமுனையும்தாம் மனத்தில் வருகின்றன. இங்கே இரண்டுக்கும் வேலையில்லை. ‘சவ்வோரச் செறிவு’ என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

சவ்வைக் கடந்து வரும் நீரான ‘பெர்மியேட்’ என்பதற்கு ‘ஊடுநீர்’ என்பதில் எனக்கு முழு உடன்பாடு. கடக்காமல் நின்றதைக் ‘கழிநீர்’ என்பதை மட்டும் மாற்ற வேண்டும். பாலாடைக்கட்டி ஆலையில் பால் திரிந்தபின் பிரியும் ஊறல்நீரை மீநுண்வடிகட்டியில் விடுவதே, நின்றுவிடும் பகுதியில் சேரும் புரதத்திற்காகத்தான். ‘செறிநீர்’ என்று வைக்கலாம்.

அலசினாலே நீங்குவது, மருந்திட்டுக் கழுவினால் மட்டும் நீங்குவது, எப்படியும் நீங்காதது என்ற மூன்று நிலைகளுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. ‘மீள்’, ‘மீளா’ என்ற இரண்டே முன்னொட்டுகளைக் கொண்டால் நடுவில் உள்ளது எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது. ‘அலசல்மீள் படிவேறல்’, ‘கழுவல்மீள் படிவேறல்’, ‘மீளாப் படிவேறல்’ என்பவை சற்று நீளம்தான்; இவற்றைவிடச் சுருக்கமான சொற்கள் இருந்தால் எழுதுங்கள்.